குழந்தை அழவில்லை என்றால்: லேபர் ரூமில் முதல் ஒரு நிமிடம்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள், நர்சிங் மாணவிகள், 108 ஆம்புலன்ஸில் போகும் டெக்னீஷியன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியில் பொம்மையை வைத்துச் செய்தபோது எல்லாம் சரியாக வந்தது, நிஜமாகவே ஒரு குழந்தை நீலம் பாரித்துத் துவண்டு வந்ததும் கை ஓடவில்லை என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பாடம் தெரிந்திருந்தது. எதை முதலில் செய்வது என்பதில்தான் குழம்பினார்கள்.

பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படும். நுரையீரலுக்குள் காற்று போய்விட்டால் அவற்றில் பெரும்பாலானவை தேறிவிடும். நெஞ்சை அழுத்துவதும் மருந்து போடுவதும் மிக அரிது. அதனால் கீழே சொல்லும் எல்லாப் படிகளும் ஒன்றைத்தான் நோக்கிப் போகின்றன: பிறந்து 60 நொடி முடிவதற்குள் குழந்தையின் நுரையீரலுக்குக் காற்று போயிருக்க வேண்டும்.

2009-ல் தொடங்கிய, பிறந்த குழந்தைகளைக் காப்பதற்கான நவஜாத் சிசு சுரக்‌ஷா பயிற்சியில் இவை எல்லாம் உண்டு. நீங்கள் இன்னும் அதை எடுக்கவில்லை என்றால் மருத்துவ அலுவலரிடம் கேட்டுப் பெயர் கொடுங்கள். இதைப் படிப்பது அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது.

1. வலியோடு தாய் உள்ளே வந்ததுமே தயார் செய்யுங்கள்

முதல் வேலை வார்மரை, அதாவது குழந்தையைச் சூடாக வைக்கும் மேசையைப் போடுவது. குழந்தை வந்த பிறகு போட்டால் மெத்தை சூடாவதற்குள் குழந்தை குளிர்ந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள். அறையில் குறைந்தது 26 டிகிரியாவது இருக்க வேண்டும். நமக்குப் புழுக்கமாக இருந்தால்தான் நனைந்து வரும் குழந்தைக்கு இதமாக இருக்கும்.

வார்மரின் மேல் மூன்று துணிகளை விரித்துச் சூடேற விடுங்கள். ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த, இன்னொன்று தோளுக்குக் கீழே மடித்து வைக்க. ட்ரேயில் சளியை உறிஞ்சும் மியூகஸ் எக்ஸ்ட்ராக்டர், தொப்புள்கொடிக்கு கிளாம்ப், கத்தரிக்கோல், பச்சிளம் குழந்தைக்கான ஸ்டெத்தஸ்கோப், 0 மற்றும் 1 அளவு மாஸ்க்குகள், கையால் பிழிந்து காற்று கொடுக்கும் ஆம்பு பேக் ஆகியவை இருக்க வேண்டும். பேக் 250 மில்லி அளவு. பெரியவர்களுக்கான பேக்கைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும். எதிர்ச்சுவரில் நொடி முள் ஓடும் கடிகாரம் வேண்டும். அது நின்றுபோயிருந்தால் அன்றைக்கே பேட்டரி மாற்றுங்கள்.

அடுத்தது பேக்கைச் சோதிப்பது. இதைத் தாண்டிப் போகாதீர்கள். மாஸ்க்கை உங்கள் உள்ளங்கையில் இறுக்கி வைத்துப் பிழியுங்கள். உள்ளங்கையில் அழுத்தம் தெரிய வேண்டும். இன்னும் பலமாகப் பிழிந்தால் மேலே உள்ள வால்வு திறந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வர வேண்டும். கையை எடுத்ததும் பை உடனே உப்ப வேண்டும். ஒருமுறை இரவு டியூட்டியில், கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டியவர் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் இதழைப் போட மறந்திருந்தார். பிழிந்தால் பை சுருங்கியது, விட்டால் உப்பியது. குழந்தைக்கு மட்டும் காற்று போகவே இல்லை. ட்ரேயில் இரண்டாவது பேக் இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்காமல் எந்தப் பிரசவத்துக்கும் நான் நிற்பதில்லை. ஐந்து நொடி வேலைதான்.

இன்னொன்று, பேக்கையும் மாஸ்க்கையும் அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். சாவி ஃபார்மசிஸ்ட்டிடம், அவர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் நடக்கும்.

2. நாலு கேள்வி, ஒரு ஆள்

பிரசவத்துக்கு முன் நாலு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எத்தனை வாரம்? பனிக்குட நீர் தெளிவாக இருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா? ஒரு குழந்தையா, இரட்டையா? தாய்க்கு பிரஷர், சுகர், காய்ச்சல், ரத்தப்போக்கு ஏதாவது உண்டா? குறைமாதம் என்றால் சின்ன மாஸ்க்கைக் கையில் எடுத்து வைப்பீர்கள், இரட்டை என்றால் இரண்டு ட்ரே போடுவீர்கள். விடைகளை வைத்துத்தான் தயாரிப்பே மாறும்.

பிறகு, குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தாய்க்கு நஞ்சுக்கொடி வரவேண்டியிருக்கும், ரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒருவரே பார்த்தால் இரண்டில் ஒன்று நழுவும். இரவில் ஆள் இல்லை என்றால் உதவியாளரைக் கூப்பிட்டு, "அக்கா, குழந்தை பிறந்ததும் நீங்க கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு சத்தமாச் சொல்லுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்தக் குரல் பெரிய உதவி. பதற்றத்தில் இருப்பவருக்கு இரண்டு நிமிடம் போவது அரை நிமிடம் போலத்தான் தெரியும்.

3. பிறந்த நொடி: நேரத்தைச் சொல்லுங்கள், துடையுங்கள்

குழந்தை முழுதாக வெளியே வந்ததும் நேரத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, தாயின் வயிற்றின் மேல் விரித்த சூடான துணியில் போடுங்கள். தலையிலிருந்து தொடங்கி நன்றாகத் துடையுங்கள். உடம்பின் அளவுக்குக் குழந்தையின் தலை பெரிது, சூடு அதிகம் போவதும் அங்கிருந்துதான். துடைப்பதே குழந்தையை உசுப்பிவிடும் வேலையையும் செய்கிறது.

துடைத்த துணியை உடனே எடுத்துப் போட்டுவிடுங்கள். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, நன்றாகத் துடைத்துவிட்டு அதே ஈரத்துணியால் குழந்தையைச் சுற்றுவது. ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை என்றால் துடைக்காமலே கழுத்து வரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைக்குத் தொப்பி போட வேண்டும்.

துடைக்கும்போதே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அழுகிறதா, அல்லது சீராக மூச்சு விடுகிறதா? கைகால் மடங்கி இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா?

அழுதால் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி போட்டு மேலே காய்ந்த துணியால் மூடுங்கள். 1 முதல் 3 நிமிடம் கழித்துக் கொடியை கிளாம்ப் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். அழுகிற குழந்தையின் வாயில் சக்‌ஷன் குழாயை விடாதீர்கள். நாம் செய்ய நினைக்கும் வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விட்டுவிட்டு வாயைத் திறந்து ஒரு பெருமூச்சு, பிறகு நீண்ட அமைதி, மறுபடி ஒரு பெருமூச்சு என்று சில குழந்தைகள் செய்யும். "மூச்சு விடுது சிஸ்டர்" என்று புதியவர்கள் நிம்மதியாகி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை மூச்சு என்று கணக்கில் எடுக்கக் கூடாது. மூச்சே விடாத குழந்தையைப் போலவே அதையும் நடத்துங்கள்.

4. அழவில்லை: கொடியை வெட்டி வார்மருக்கு

கொடியை கிளாம்ப் போட்டு வெட்டி, குழந்தையை வார்மருக்குக் கொண்டுபோங்கள். போகும்போதே உதவிக்குக் குரல் கொடுங்கள். முதலில் தனியாகச் சமாளித்துப் பார்க்கலாம், பிறகு கூப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

மல்லாக்கப் படுக்கவைத்து, மடித்த துணியைத் தோளுக்குக் கீழே வையுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம். மூக்கு நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் பின்மண்டை பெரிது. அப்படியே போட்டால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழல் மடங்கிவிடும். அதற்காகக் கழுத்தை ரொம்பப் பின்னால் வளைத்தாலும் அடைத்துக்கொள்ளும். மண்டைக்குக் கீழே துணி வைப்பது இன்னொரு தவறு, அது தாடையை மேலும் மடக்கும்.

வாயில் சளியோ ரத்தமோ தெரிந்தால் மட்டும் உறிஞ்சுங்கள். முதலில் வாய், பிறகு மூக்கு. மூக்கைத் தொட்டதும் குழந்தை சட்டென்று மூச்சை இழுக்கும்; வாயில் சளி இருந்தால் அப்போது உள்ளே போய்விடும். குழாயை வாய்க்குள் 5 சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். தொண்டையின் பின்பக்கத்தைக் குத்தினால் இதயத்துடிப்பு சடாரென்று இறங்கும். அதை மூச்சுத்திணறலின் அறிகுறி என்று எண்ணி இன்னும் ஆழமாக உறிஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பனிக்குட நீர் பச்சையாக இருந்தால்? குழந்தை துவண்டிருந்தால் மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு மெக்கோனியத்தை (நீரில் கலந்த குழந்தையின் முதல் மலத்தை) உறிஞ்சிய பிறகே காற்று கொடுக்க வேண்டும் என்று முன்பு சொல்லித்தந்தார்கள். இப்போது அதை வழக்கமாகச் செய்வதில்லை. வாயில் தெரிவதை எடுத்துவிட்டு, மூச்சு இல்லை என்றால் நேராக பேக்குக்குப் போகலாம்.

அடுத்து முதுகை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று முறை தேய்த்துவிடுங்கள், அல்லது உள்ளங்காலில் விரலால் சுண்டுங்கள். அவ்வளவுதான். தலைகீழாகத் தூக்கி முதுகில் அடிப்பது, பச்சைத்தண்ணீர் தெளிப்பது, விலாவை அமுக்குவது எல்லாம் இன்றும் அங்கங்கே நடக்கின்றன. ஒவ்வொன்றும் குழந்தைக்குக் கெடுதல், நேரமும் வீண். தேய்த்தும் மூச்சு வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தேய்த்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், பேக்கை எடுங்கள். இந்தப் படி முழுவதும் பிறந்து 30 நொடிக்குள் முடிந்திருந்தால் நல்ல வேகம்.

5. பேக் அண்ட் மாஸ்க்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

மாஸ்க் தாடை முனை, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணைத் தொடக் கூடாது. கண்ணில் ஏறினால் மாஸ்க் பெரிது, தாடைக்குக் கீழே வழிந்தாலும் பெரிது. நிறைமாதக் குழந்தைக்கு 1, குறைமாதத்துக்கு 0 பெரும்பாலும் பொருந்தும்.

குழந்தையின் தலைமாட்டில் நின்றுகொள்ளுங்கள். மாஸ்க்கை முதலில் தாடையில் பதித்து, பிறகு மூக்கின் பக்கம் சாயுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளையமாக, மற்ற விரல்கள் தாடை எலும்பின் கீழே. மாஸ்க்கை முகத்தின் மேல் அமுக்காதீர்கள், தாடையை மாஸ்க்குக்குத் தூக்கிக் கொடுங்கள். விரல் கழுத்தின் மென்மையான பகுதியில் பட்டால் நாக்கு பின்னுக்குப் போய் மூச்சுவழியை அடைத்துவிடும். எலும்பில் மட்டும் விரல் படட்டும்.

இப்போது பிழியுங்கள். மனதுக்குள் "பிழி… விடு… விடு…" என்று சொல்லிக்கொண்டால் வேகம் தானாகச் சரியாக அமையும், நிமிடத்துக்கு 40 முதல் 60. பதற்றத்தில் எல்லோரும் இதைவிட வேகமாகத்தான் பிழிகிறார்கள். வேகமாகப் பிழிந்தால் உள்ளே போன காற்று வெளியே வர நேரம் கிடைக்காது. எவ்வளவு பலமாகப் பிழிவது? நெஞ்சு மெல்ல ஏறி இறங்கும் அளவுக்கு. குழந்தை தூங்கும்போது நெஞ்சு எப்படி எழுமோ அப்படி. ஐந்து விரலாலும் நசுக்க வேண்டியதில்லை.

கண் நெஞ்சின் மேல் இருக்கட்டும். புதியவர்கள் பையையே பார்த்துக்கொண்டு பிழிவார்கள். பை சுருங்குவதால் ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 35 வாரம் தாண்டிய குழந்தைக்கு அறையில் இருக்கும் காற்றே போதும், அதில்தான் தொடங்கவும் வேண்டும். சிலிண்டரை உருட்டிவந்து குழாய் மாட்டும்வரை குழந்தை மூச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு நேராக ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அப்படித்தான். மூச்சே விடாத குழந்தைக்கு அந்த ஆக்சிஜன் எப்படி உள்ளே போகும்?

6. நெஞ்சு எழவில்லையா? இந்த வரிசையில் திருத்துங்கள்

ஐந்து முறை பிழிந்தும் நெஞ்சு எழவில்லை என்றால் தொடர்ந்து பிழிவதில் பயனில்லை. மாஸ்க்கைத் தூக்கி மறுபடி பொருத்துங்கள், ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கன்னப் பக்கம்தான் கசியும். அதோடு தலையின் நிலையையும் பாருங்கள், தோள்துணி நழுவியிருக்கும். பத்தில் எட்டு முறை இந்த இரண்டிலேயே சரியாகிவிடும் என்பது என் கை அனுபவம்.

அதற்கும் அசையவில்லை என்றால் வாயையும் மூக்கையும் உறிஞ்சி, வாயைச் சற்றுத் திறந்த நிலையில் வைத்து மாஸ்க்கைப் போடுங்கள். பிறகுதான் இன்னும் கொஞ்சம் பலமாகப் பிழிந்து பார்ப்பது. பலத்தை முதலிலேயே கூட்டிவிட்டால் கசிவு சரியாகும் அந்த நொடியில் காற்று முழு வேகத்தில் உள்ளே பாயும்.

போன மழைக்காலத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பிழிந்துகொண்டிருந்தாள். நெஞ்சு அசையவில்லை, குழந்தையின் உதடு கருநீலம். நான் பேக்கைப் பிடுங்கவில்லை. அவளுடைய சுண்டுவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துத் தாடை எலும்பின் மேல் வைத்தேன். அடுத்த பிழியலில் விலா விரிந்தது. நாலாவது ஐந்தாவதில் நெஞ்சு சிவக்கத் தொடங்கி, அந்தச் சிவப்பு முகத்துக்கு ஏறியது. கைகள் மடங்கின. அப்புறம் ஒரு தும்மல், அதன்பின் அழுகை. ஒரு சுண்டுவிரல் இருந்த இடம்தான் வித்தியாசம்.

7. 30 நொடி கழித்து இதயத்துடிப்பு

நெஞ்சு எழும்படி 30 நொடி காற்று கொடுத்த பிறகு துடிப்பை எண்ணுங்கள். நெஞ்சு எழாமல் கொடுத்த 30 நொடி இதில் சேராது. ஸ்டெத் வைத்து 6 நொடி எண்ணி 10-ஆல் பெருக்குங்கள். ஸ்டெத் இல்லை என்றால் கொடியின் அடியில் விரலை வைத்துப் பார்க்கலாம், ஆனால் அங்கே துடிப்பு தெரியாவிட்டால் இதயம் நின்றுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

100-க்கு மேல் இருந்து, குழந்தை தானாக மூச்சுவிடத் தொடங்கினால் பிழிவதை மெல்லக் குறைத்து நிறுத்தலாம். 60-க்கும் 100-க்கும் இடையில் என்றால் நெஞ்சு எழுகிறதா என்று மறுபடி உறுதி செய்துகொண்டு தொடருங்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் வலது கையில் மாட்டுங்கள். முதல் நிமிடத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் 60 முதல் 65 சதவீதம்தான் இருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் 80 முதல் 85. நல்ல குழந்தைக்கும் இப்படித்தான். 95 காட்டவில்லையே என்று ஆக்சிஜனைத் திறந்துவிட வேண்டாம்.

8. துடிப்பு 60-க்குக் கீழே

இங்கே மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் போனில் அவரைப் பிடிக்கட்டும். ஆக்சிஜனை இணைக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு கைகளாலும் குழந்தையின் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டை விரல்களையும் முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் மேல் வையுங்கள். நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி அழுத்துங்கள். மூன்று அழுத்தம், ஒரு மூச்சு. "ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு" என்று அழுத்துபவர் சத்தமாக எண்ண, பேக் வைத்திருப்பவர் 'மூச்சு' என்றதும் பிழிய வேண்டும். ஒரு சுற்றுக்கு 2 நொடி. நிமிடத்துக்கு 90 அழுத்தமும் 30 மூச்சும் வரும். 60 நொடி கழித்துத் துடிப்பைப் பாருங்கள். அப்போதும் 60-க்குக் கீழே என்றால் அட்ரினலின், அது மருத்துவரின் முடிவு.

காற்று சரியாகப் போவதற்கு முன் நெஞ்சை அழுத்தத் தொடங்குவது பெரிய தவறு. பெரியவர்களுக்கு இதயம் முதலில் நிற்கும். பிறந்த குழந்தைக்கு மூச்சு நின்றதால்தான் இதயம் தளர்கிறது.

9. தேறிய பிறகு ஓய்ந்துவிடாதீர்கள்

அழுதுவிட்டது, சிவந்துவிட்டது, சரி. ஆனால் பேக் தேவைப்பட்ட குழந்தை அடுத்த சில மணி நேரத்தில் மறுபடி தளரலாம். உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போகிறதா, முனகுகிறதா, விலாவுக்குக் கீழே உள்ளிழுக்கிறதா என்று கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வைட்டமின் கே ஊசியை மறக்க வேண்டாம், நிறைமாதக் குழந்தைக்குத் தொடையில் 1 மில்லிகிராம். இந்தப் பரபரப்பில்தான் அது விட்டுப்போகும்.

நீண்ட நேரம் பேக் தேவைப்பட்டிருந்தாலோ, மூச்சு இன்னும் சிரமமாக இருந்தாலோ, வெட்டு (வலிப்பு) வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டிருந்தாலோ எஸ்.என்.சி.யூ.வுக்கு (பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவு) அனுப்ப வேண்டும். 108-ல் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் உண்டு, கேட்டுப் பாருங்கள். கிளம்பும் முன் அங்கே போன் செய்து சொல்லுங்கள். குழந்தை தானாக மூச்சுவிட்டு நிலையாக இருந்தால் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டி அனுப்புவது நல்ல வழி. தாயால் வர முடியாவிட்டால் தந்தையோ பாட்டியோ அப்படி வைத்துக்கொள்ளலாம். வழியில் குழந்தை குளிர்ந்துபோனால் இங்கே செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

சீட்டில் எழுத வேண்டியவை: பிறந்த நேரம், எந்த நிமிடத்தில் பேக் தொடங்கியது, எவ்வளவு நேரம், முதல் மூச்சு எப்போது, துடிப்பு எவ்வளவு, என்ன மருந்து. "அழவில்லை, அனுப்பப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

10. கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

வெளியே பாட்டி நின்றுகொண்டிருப்பார். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கை ஓய்ந்ததும் ஒருவர் போய், "அம்மா, குழந்தை பிறந்ததும் மூச்சு விடல. காத்து குடுத்தோம், இப்போ தானா மூச்சு விடுது. இன்னும் கவனிக்கணும்" என்று நேராகச் சொல்லுங்கள். "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அரை மணியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அவர்கள் நம்மை எப்படி நம்புவார்கள்? மேசையில் கிடக்கும் தாயிடமும் சொல்லுங்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

பிழைக்காத குழந்தையும் உண்டு. மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகு குழந்தையைத் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி, தாய் பார்க்க விரும்பினால் கையில் கொடுங்கள். பார்க்க வேண்டாம் என்று அவளுக்காக நாம் முடிவு செய்யக் கூடாது.

11. அடுத்த பிரசவத்துக்கு முன்

பேக்கையும் மாஸ்க்கையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உங்கள் நிலையத்தின் முறைப்படி கிருமிநீக்கம் செய்து, முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். ரப்பர் இதழைப் போட்டீர்களா என்று பாருங்கள். புது மியூகஸ் எக்ஸ்ட்ராக்டர், புதுத் துணிகள், கிளாம்ப் எல்லாம் ட்ரேக்குத் திரும்பட்டும். மாட்டி முடித்ததும் மாஸ்க்கை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பிழிந்து பார்த்துவிட்டுத்தான் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுங்கள்.